போன் ‘0 மீட்டர்’ என்கிறது, டப்பாவைக் காணோமே?

கேள்வி: இரண்டு மாதமாக மகளோடு ஜியோகேச்சிங் (யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, அவர் இணையத்தில் தந்த இடக் குறியீட்டை வைத்து ஜி.பி.எஸ். உதவியால் தேடும் விளையாட்டு) போய்வருகிறேன். ஆரம்பத்தில் நான்கைந்து டப்பாக்கள் சுலபமாகக் கிடைத்தன. கடைசி மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினோம். செயலி ‘0 மீட்டர்’ என்று காட்டும் இடத்திலேயே அரை மணி நேரம் துழாவினாலும் ஒன்றும் அகப்படுவதில்லை. தனி ஜி.பி.எஸ். கருவி வாங்கினால் சரியாகுமா?

பதில்: கருவிக்கு இப்போது பணம் போடாதீர்கள். நீங்கள் ஏமாந்தது அந்த ‘0’ என்ற எண்ணிடம்தான்.

திறந்த வானத்தின் கீழ்கூட ஒரு நல்ல போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் உயரமான சுவர்களுக்கு நடுவிலும் இன்னும் விலகும். செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து கணக்கைக் குழப்பிவிடும். பலரும் மறக்கிற விஷயம் வேறு: டப்பாவை ஒளித்தவரும் இதே மாதிரி ஒரு கருவியில்தான் இடத்தைக் குறித்திருப்பார். அவருடைய பிழையும் உங்களுடைய பிழையும் எதிரெதிர்ப் பக்கம் போனால், பூஜ்யத்துக்கும் டப்பாவுக்கும் இடையில் தாராளமாகப் பத்து மீட்டர் இருக்கும். தனிக் கருவிக்கும் இதே கதிதான். காட்டில் நாள் முழுக்க அலைபவர்களுக்கு அதன் பேட்டரியும் மழை தாங்கும் உடம்பும் உதவும், அது வேறு கணக்கு.

ஒருகாலத்தில் இந்தப் பத்து மீட்டரே பெரிய ஆடம்பரம். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. மே 3 அன்றே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். விளையாட்டு பிறந்த கதை இதுதான். அந்த வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது, உள்ளே ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. புதைப்பதும் உணவு வைப்பதும் இன்றைய விதிகளில் கூடாது. முதல் கேச்சுக்கே (ஒளித்துவைக்கும் டப்பாவுக்கு இந்த விளையாட்டில் அதுதான் பெயர்) இப்போது அனுமதி கிடைக்காது!

சரி, அடுத்த முறை என்ன செய்யலாம்? பத்து மீட்டர் தூரம் இருக்கும்போதே நடையை நிறுத்துங்கள். மெதுவாக நகரும்போது அம்புக்குறி தாறுமாறாகச் சுற்றும், அதன் பின்னால் ஓட வேண்டாம். ஒரு நிமிடம் அசையாமல் நின்று எண்கள் நிலைபெறட்டும். பிறகு வெவ்வேறு திசைகளிலிருந்து மூன்று முறை நெருங்கி, ஒவ்வொரு முறையும் பூஜ்யம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவில் நின்று போனைப் பையில் போடுங்கள். இனி வேலை கண்ணுக்கு.

‘நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். இயற்கை கல்லை வரிசையாக அடுக்காது. நான்கு குச்சிகளை ஒரே பக்கம் பார்க்கப் படுக்கவைக்காது. மரப்பொந்து, பெஞ்சின் அடிப்பக்கம், இரும்புக் கம்பியில் காந்தத்தால் ஒட்டிய விரல்நுனி அளவு குப்பி என்று தேடுங்கள். மூன்று முறை தோற்றதற்கு இந்த அளவும் ஒரு காரணமாக இருக்கலாம்: பெரிய டப்பாவுக்குப் பழகிய கண் குட்டிக் குப்பியைத் தாண்டிப் போய்விடும். கிளம்பும் முன்பே டப்பாவின் அளவு என்னவென்று செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பொந்துக்குள் கைவிடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்புக்கும் தேளுக்கும் அதே பொந்துதான் பிடிக்கும். மண்ணைத் தோண்டாதீர்கள், செடியைப் பிடுங்காதீர்கள்.

முன்பு தேடியவர்கள் செயலியில் எழுதிய லாக் பதிவுகளைப் படித்தீர்களா? கடைசி மூன்று நான்கு பேர் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் டப்பா காணாமலே போயிருக்கலாம். ஒளித்தவர் தந்த குறிப்பையும் திறந்து பாருங்கள், அதில் வெட்கமில்லை. நான் பிடிவாதமாகக் குறிப்பைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் பாறை பாறையாகப் புரட்டியிருக்கிறேன். ‘தலைக்கு மேலே’ என்று எழுதியிருந்தது.

மகளைப் பற்றி. ஒவ்வொரு கேச்சுக்கும் கடினத்துக்கு ஒன்று, நிலப்பரப்புக்கு ஒன்று என 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு. அடுத்த சில வாரங்களுக்கு இரண்டுமே 1.5-ஐத் தாண்டாத, டப்பா பெரிதாக உள்ள இடங்களாக எடுங்கள். பூஜ்யத்தை நெருங்கியதும் தேடலை அவளிடம் விட்டுவிடுங்கள். குழந்தையின் கண்மட்டத்தில் தெரிவது நமக்குக் குனிந்தால்தான் தெரியும். டப்பாவில் உள்ள பொருளோடு மாற்றிக்கொள்ளச் சின்னப் பொம்மை ஏதாவது அவள் பையில் இருக்கட்டும். எடுத்ததற்கு ஈடாகவோ மேலாகவோ வைக்க வேண்டும் என்பது வழக்கம். உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதப் பேனாவும் கொண்டுபோங்கள், குட்டிக் குப்பிகளில் பேனா இருக்காது.

இருபது நிமிடம் தேடியும் இல்லையென்றால் ‘கிடைக்கவில்லை’ என்று பதிவிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கௌரவம் பார்த்துப் பலர் இதை எழுதாமல் விடுகிறார்கள். அதனால்தான் காணாமல் போன டப்பாவை மாதக்கணக்கில் ஆட்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் மூன்று தோல்விகளையும் இன்றே பதிந்துவிடுங்கள். ஒளித்தவர் போய்ப் பார்த்துவிட்டு, இருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் பதில் எழுதுவார்.