ஒரு படத்தின் பாடல்கள் ஐந்து ஆல்பங்களாகச் சிதறுவது ஏன்?

தண்டையார்பேட்டையில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘பர்மா பஜாரில் வாங்கிய எம்பி3 சிடிக்கள், பழைய செல்போன்களில் இருந்தவை, அப்பா பதிவு செய்த கானா கேசட்டுகள் என ஏறத்தாழ 20,000 பாடல்கள் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. ஃபோல்டர் போட்டுப் பிரித்து வைத்தாலும், போனில் ஏற்றியதும் ஒரு படத்தின் பாடல்கள் ஐந்தாறு ஆல்பங்களாகச் சிதறிவிடுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?’

ஃபோல்டரிலிருந்து தொடங்க வேண்டாம். பெரும்பாலான இசைச் செயலிகள் ஃபோல்டரின் பெயரைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும் ‘டேக்’ என்னும் குறிப்பைத்தான் படிக்கின்றன. அதில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் பாடகர் பெயர் இருந்து, ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடம் காலியாக இருந்தால், பாடகர் மாறும்போதெல்லாம் அது வேறு ஆல்பம் என்று பல செயலிகள் எடுத்துக்கொள்கின்றன. ஓர் ஆல்பத்துக்கு ஒரு பாடகர் அல்லது ஒரு குழு என்ற வழக்கத்துக்குப் பொருந்தும் இந்த முறை, ஆறு பாடல்களை எட்டுப் பேர் பாடும் நம் திரையிசைக்குப் பொருந்தவில்லை. நாம் படத்தின் பெயரையும் இசையமைப்பாளரையும் வைத்தே பாட்டைத் தேடுகிறோம். ஆகவே ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இசையமைப்பாளரின் பெயரை எல்லாப் பாடல்களுக்கும் எழுத்து மாறாமல் இடுங்கள். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்தால், செயலியின் கணக்கில் அவர் மூன்று பேர். ஆண்டையும் விடாமல் எழுதுங்கள்: 1980ஆம் ஆண்டின் ‘பில்லா’வுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, 2007இன் ‘பில்லா’வுக்கு யுவன் சங்கர் ராஜா இசை.

இந்த வேலையில் கைவைக்கும் முன் முழு ஹார்ட் டிஸ்க்கையும் வேறொன்றில் நகலெடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அடுத்து இரட்டைப் பிரதிகள். பெயரை மட்டும் பார்த்து எதையும் அழிக்காதீர்கள். சிடியிலிருந்து ஏற்றியவற்றில் ‘ட்ராக் 01’ என்ற பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாடல்கள் எத்தனையோ இருக்கும். ஒரே பாட்டு இருமுறை இருந்தால் கேட்டுப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் தரவு என்பதைச் சொல்லும் அளவு ‘கேபிபிஎஸ்’; அது கூடினால் பொதுவாகத் தரமும் கூடும். 128 கேபிபிஎஸ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி, 320 கேபிபிஎஸ் சுமார் 2.4 எம்பி இடம் பிடிக்கும்; ஆனால் 128ஐ 320ஆக மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படி மாற்றுவதால் அளவு பெருகுமே தவிர, போன ஒலி திரும்பி வராது.

டேக் எழுத ‘எம்பி3டேக்’ என்ற மென்பொருள் போதும். ஒரு படத்தின் பாடல்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, படம், இசையமைப்பாளர், ஆண்டு மூன்றையும் ஒரே முறையில் நிரப்பலாம். பதிவிறக்கத் தளங்கள் தலைப்பில் ஒட்டிவிட்ட தங்கள் பெயரையும் அப்போதே நீக்கிவிடலாம். பெயரே தெரியாத பாடல்களை ‘பிக்கார்ட்’ என்ற இன்னொரு மென்பொருள் ஒலியை வைத்து அடையாளம் காணும். ஆனால் பழைய திரைப்பாடல்களை அது பின்னாளில் வந்த தொகுப்பு ஆல்பத்தின் பெயரில் சேர்த்துவிடுவதுண்டு. படத்தின் பெயரைச் சரிபார்க்காமல் சேமிக்காதீர்கள். டேக்குகள் ஒழுங்கானதும், அவற்றைக் கொண்டு கோப்புகளுக்குப் பெயரிடும் வேலையை மென்பொருளே செய்துவிடும். ஃபோல்டர் பிரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாவின் கானா கேசட்டுகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். திரைப்பாடல் தொலைந்தால் வேறெங்காவது கிடைக்கும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவுக்கு அந்த ஒரு கேசட்டைத் தவிர வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். எந்த மென்பொருளாலும் அதை அடையாளம் காண முடியாது. அவற்றை எம்பி3ஆக மட்டும் வைக்காமல், கேசட்டிலிருந்தே மீண்டும் ஒலித்தரம் குறையாத ‘வேவ்’ அல்லது ‘ஃபிளாக்’ வடிவில் பதிவு செய்யுங்கள். சிடி தரத்தில் 60 நிமிடக் கேசட் ஒன்றுக்கு வேவ் வடிவில் ஏறத்தாழ 600 எம்பி ஆகும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிய சுமையல்ல. கேசட் அட்டையில் எழுதியிருப்பதைப் படமெடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். பிறகு அப்பாவையோ தெருவின் பெரியவர்களையோ உட்கார வைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டி, பாடியவர் யார், டோலக் வாசித்தவர் யார், எந்தத் தெருவில், யாருடைய சாவுக்கு, எந்த ஆண்டு என்று கேட்டு, டேக்கில் ‘கமெண்ட்’ என்றிருக்கும் இடத்தில் அவர்கள் சொன்னபடியே எழுதிவிடுங்கள். இதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். மற்ற 20,000 பாடல்களும் காத்திருக்கும்.