பட்டத்தை உயிலில் எழுதி வைக்க முடியுமா?

கேள்வி: கிளாஸ்கோவில் வசிக்கிறேன். கணவர் ஸ்காட்லாந்துக்காரர். என் மாமனாருக்கு 1600-களில் வழங்கப்பட்ட, ஏர்ல் என்ற பரம்பரைப் பிரபுப் பட்டம் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு பெண்கள். கொழுந்தனாருக்கு ஒரு மகன். “என் மூத்த மகனுக்குப் பிறகு வீடும் பட்டமும் மூத்த பேத்திக்கே” என்று மாமனார் உயில் எழுதியிருக்கிறார். செல்லுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீட்டுக்குச் செல்லும், பட்டத்துக்குச் செல்லாது. நிலபுலனில் மூத்த மகனுக்கு இருந்த முன்னுரிமையை ஒழித்த 1964-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து வாரிசுரிமைச் சட்டம், பட்டங்களை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. பட்டம் உயிலைப் பார்க்காது, தாய்ப்பத்திரத்தைத்தான் பார்க்கும்.

இங்கே தாய்ப்பத்திரம் என்பது பட்டம் கொடுத்த அரச சாசனம். அதில் “ஆண்வழி வாரிசுகளுக்கு” என்றிருந்தால் உங்கள் கணவருக்குப் பின் கொழுந்தனார், அப்புறம் அவர் மகன். ஆண், பெண் பேதமில்லாமல் “வாரிசுகளுக்கு” என்றிருந்தால் உங்கள் மூத்த பெண்ணுக்கு முழுதாக வரும். இங்கிலாந்தின் சில பழைய பட்டங்கள் அக்கா, தங்கை என்று இருவர் இருந்தால் யாருக்கும் சேராமல் தொங்கிக்கொண்டு நிற்கும். ஸ்காட்லாந்தில் அந்த வம்பு இல்லை.

முதல் சாசனத்தோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். 1707-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடாளுமன்றங்கள் இணைவதற்கு முன், பட்டத்தை அரசரிடம் ஒப்படைத்துவிட்டு வாரிசு வரிசையை மாற்றித் திரும்ப வாங்க முடிந்தது. செல்கர்க் ஏர்ல் பட்டம் 1688-இல் அப்படித்தான் கைமாறியது. உங்கள் மாமனாருக்கு அந்த வழி கிடையாது.

சரி, சாசனமே கிடைக்காவிட்டால்? மார் ஏர்ல் குடும்பத்துக்கு நேர்ந்தது அதுதான். 1866-இல் ஏர்ல் குழந்தையில்லாமல் இறந்தார். அவருடைய சகோதரியின் மகன் ஒரு பக்கம், ஆண்வழி உறவினரான கெல்லி ஏர்ல் மறுபக்கம். 1565-இல் ஸ்காட்லாந்து அரசி மேரி கொடுத்தது பெண்வழியிலும் போகக்கூடிய பழைய பட்டத்தையா, புதிதாக ஒன்றையா என்பதுதான் வழக்கு. புதியது என்று 1875-இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. அதற்குச் சாசனம் இல்லை. இல்லாத இடத்தில் ஆண்வழி என்றே கொள்ள வேண்டும் என்று கெல்லிக்குக் கொடுத்தார்கள். எனக்கு இது இன்றும் ஒப்பாத தீர்ப்பு. சகோதரி மகன் தரப்பும் விடவில்லை. 1885-இல் தனிச்சட்டமே போட்டுப் பழைய பட்டத்தை அவருக்குத் திருப்பித் தந்தார்கள். இன்று மார் என்ற பெயரில் இரண்டு ஏர்ல் பட்டங்கள், இரண்டு வாரிசு வரிசைகள்.

ஆகவே எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில், அரச முத்திரையிட்ட சாசனங்களைப் பதிந்து வைத்த பெருமுத்திரைப் பதிவேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். மாமனாரின் சொலிசிட்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள். உயில் எப்படி எழுதியிருந்தாலும் அசையும் சொத்தில் பிள்ளைகளுக்குச் சட்டப்படி பங்கு உண்டு: உங்கள் மாமியார் அப்போது உயிரோடு இருந்தால் மூன்றில் ஒன்று, இல்லையென்றால் பாதி. அதில் கொழுந்தனாரும் கேட்கலாம்.