படத்தில் விழப்போவது குர்தா அல்ல, கோட்டு

கேள்வி: நவம்பர் கடைசி வாரம், பள்ளி விடுமுறையில், குடும்பத்தோடு ஜப்பானின் கியோட்டோ போகிறோம். மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம், பிள்ளைகள் என மொத்தம் 11 பேர். சிவந்த மேப்பிள் மரங்களுக்கு முன்னால் ஒரு குடும்பப் படம் எடுத்து வரவேற்பறையில் மாட்ட ஆசை. எல்லாருக்கும் ஒரே மெரூன் துணியில் குர்தாவும் சுடிதாரும் தைக்கலாம் என்கிறேன் நான். ‘எல்லாரும் கறுப்பு போட்டால் போதும் அண்ணி’ என்கிறார் கொழுந்தனார். யார் சொல்வது சரி?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை.

ஊரையும் வாரத்தையும் மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். நம் பள்ளி விடுமுறை தொடங்கும் நேரத்தில் தென்கொரியாவின் சோல் நகரில் மரங்கள் பெரும்பாலும் மொட்டையாகியிருக்கும். கியோட்டோவில் அப்போதுதான் சிவப்பு உச்சத்தில் இருக்கும். ஆனால் காலையில் 6, 7 டிகிரி, பகலிலும் 15ஐ ஒட்டித்தான். ஈசூன்காரர்கள் அந்தக் குளிரில் வெறும் குர்தாவோடு நின்று பல் தெரியச் சிரிக்க முடியாது. ஆளுக்கொரு கோட்டு ஏறும். அளவெடுத்துத் தைத்த மெரூன், கழுத்தோரம் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் எட்டிப் பார்க்கும். வரவேற்பறையில் தொங்கப்போவது கொழுந்தனார் நண்பரிடம் இரவல் வாங்கிய ஆரஞ்சு ஜாக்கெட்டும், சின்னவனின் கார்ட்டூன் போட்ட ஜாக்கெட்டும்தான். துணிக்கு ஒதுக்கிய பணத்தைக் கோட்டுப் பக்கம் திருப்புங்கள். 11 கோட்டு விலைக்கு வாங்க வேண்டியதில்லை. குளிராடை வாடகைக்கு விடும் கடைகள் இங்கேயே உண்டு. விடுமுறை நெருக்கத்தில் போனால் மிஞ்சிய அளவும் மிஞ்சிய நிறமும்தான் கிடைக்கும். உப்பிய ஜாக்கெட்டுகளை அத்தனை பேருக்கும் எடுக்காதீர்கள். வரிசை அகலமாகி, ஓரத்தில் நிற்பவர் பாதி வெட்டுப்படுவார்.

மெரூனுக்கு வருவோம். பின்னால் மரம் சிவப்பு, முன்னால் ஆட்களும் சிவப்பு என்றால் முகங்கள் மட்டும் இலைக்கூட்டத்தில் மிதக்கும். போதாததற்கு, பளிச்சென்ற சிவப்புத் துணி வெயிலில் தாடைக்கு அடியில் சிவப்பை ஏற்றிவிடும். துணி வாங்கியே ஆகிவிட்டது என்றால் தீபாவளிக்குத் தையுங்கள். கறுப்பில் வேறு சிக்கல்: 11 கறுப்புக் கோட்டுகள் நெருங்கி நின்றால் யார் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

நிறத்தேர்வை மாமியாரின் சேலையிலிருந்து தொடங்குங்கள். மற்றவர்கள் மாற்றிக்கொள்வார்கள், அவர் மாற்றமாட்டார். பாட்டில் பச்சை உடல், கடுகு மஞ்சள் கரை என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு இலைக்கு எதிரே பச்சை நன்றாக எடுத்துக்கொடுக்கும். சேலைக்காரரையும் சேர்த்து 3 பேருக்குப் பச்சை, 4 பேருக்குக் கருநீலம், 2 பேருக்குச் சாம்பல், 2 பேருக்குக் கிரீம். ஒரே நிறத்தார் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடாது. கடுகு மஞ்சளை ஒரு சால்வை, ஒரு மப்ளர், ஒரு குழந்தைத் தொப்பி, இந்த மூன்று இடங்களோடு நிறுத்துங்கள்; அதைப் போட்டுக்கொண்டு மஞ்சள் கின்கோ மரத்தடியில் நிற்காதீர்கள், கரைந்துவிடும். பூவோ கட்டமோ போட்ட துணி இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நெருக்கமான பொடிக் கோடுகள் அறவே வேண்டாம், படத்தில் அலையலையாக நெளியும்.

வெள்ளை ஏன் இல்லை என்று கேட்பீர்கள். பளீர் வெள்ளை அதிகம் இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் மாநிற முகங்கள் இன்னும் இருண்டுபோகும். கிரீம் அந்த அளவுக்குப் படுத்தாது. வெளிர் பழுப்பையும் தவிருங்கள். நம் தோல் நிறத்தோடு ஒட்டிப்போய், கழுத்து எது துணி எது என்று தேட வேண்டிவரும்.

கடை விளக்கை நம்பி நிறம் பொருத்தாதீர்கள். தேக்கா கடைத்தெருவில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கருநீலங்களில் ஒன்று பகல் வெளிச்சத்தில் ஊதாவாக நிற்கும். எல்லா உடுப்பையும், கோட்டு, காலணி உட்பட, ஒரு காலை நேரம் உங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தின் ஓரத்தில், வெளிச்சம் விழும் இடத்தில் பரப்பிக் கைப்பேசியில் படமெடுங்கள். பிறகு அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் வேறாக இருந்தும் பயனில்லை; இரண்டு மூன்றை இன்னும் வெளிறியதாக மாற்றுங்கள்.

மாமியாருக்குப் பட்டு தாராளமாகக் கட்டலாம். ரவிக்கைக்குள் கழுத்து அகலமாக வெட்டிய தெர்மல் சட்டை, உள்பாவாடைக்குள் தெர்மல் லெகிங்ஸ். அங்கே போடப்போகும் காலணியை இங்கேயே போட்டுக்கொண்டு கட்டிப் பார்த்து, வழக்கத்தைவிட இரண்டு விரல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஈர இலைமேல் சேலை இழுபட்டால் கரை பாழ், வழுக்கவும் செய்யும். மேலே முன்பக்கம் திறந்த நீளக் கோட்டு போட்டால் கரையும் முந்தானையும் மறையாது.

முழு உருவப் படத்தில் காலணியும் விழும். மின்னும் பச்சைப் பட்டை போட்ட ஓட்டக் காலணி ஒன்று போதும், கண் நேரே அங்கே போய்விடும். தோள்பைகளை இறக்கிவையுங்கள், கோட்டுப் பையில் கைப்பேசி புடைக்கக்கூடாது.

மாமனார் அணிவது வெயிலில் கறுக்கும் கண்ணாடி என்றால் இதையும் கவனியுங்கள். அந்த வகைக் கண்ணாடி குளிரில் இன்னும் அதிகமாகக் கறுக்கும். ‘குடும்பத்தோடு கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர்’ என்றாகிவிடும் படம். சாதாரணக் கண்ணாடி ஒன்று கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அவருடையதைக் கோட்டுக்குள் வைத்திருந்து, எல்லாரும் நின்று முடித்த பிறகு கடைசியாக மாட்டச் சொல்லுங்கள். முதல் சில படங்களில் கண் தெரியும்.