தட்டான் வாலில் நூல் கட்டும் பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் கிராமப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் விலங்குகளின் உரிமை, அவற்றிடம் காட்ட வேண்டிய பரிவு பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எப்படித் தொடங்கலாம்?

முதல் மாதம் ‘பாவம்’ என்ற சொல்லையே வகுப்பில் எடுக்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு அது காது புளித்த சொல். “பாவம்லா, விடுல” என்று ஆச்சி சொன்னதும் தட்டானை விட்டுவிடுவான். ஆச்சி தலை மறைந்ததும் அடுத்ததைப் பிடிப்பான். பாவம் பார்ப்பது நம் மனசைப் பொறுத்தது, இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. அந்த உயிருக்கு என்ன தேவை என்று கேட்கப் பழக்கினால்தான் உரிமை என்ற பேச்சுக்கே இடம் வரும்.

அதனால் அவர்கள் ஏற்கெனவே செய்வதிலிருந்தே தொடங்குங்கள். தட்டானுக்கு நூல் கட்டுவது, ஓணானைக் கல்லால் அடிப்பது, பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைப்பது. திட்ட வேண்டாம். தட்டானின் ‘வால்’ உண்மையில் வால் இல்லை, வயிறு. குடலும் மூச்சுத் துளைகளும் அங்கேதான் இருக்கின்றன, நூல் இறுகுவதும் அங்கேதான். பறந்துகொண்டே கொசு பிடித்துத் தின்கிற பூச்சி அது. “நூலோட எப்படிடா இரை பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டு மணியடிக்கும்வரை அவர்களையே பேச விடுங்கள்.

அடுத்து ஒரு நோட்டு. வளர்ப்பு விலங்குகளின் நலத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஐந்து கேள்விகள் உண்டு. பிரிட்டனில் 1965இல் வந்த பிராம்பெல் குழு அறிக்கையிலிருந்து வளர்ந்தவை. பசி தாகம் தீர்ந்ததா? இருக்கிற இடம் வசதியா? வலி, நோய் உண்டா? பயம் உண்டா? அதன் இயல்புப்படி நடமாட முடிகிறதா? ஆளுக்கு ஒரு மாடோ ஆடோ கோழியோ, தினம் பத்து நிமிடம், இரண்டு வாரம் பார்த்து எழுத வேண்டும். இங்கே ஒரு சறுக்கல் உண்டு. வாத்தியாருக்குப் பிடிக்குமே என்று எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதி வருவார்கள். அதனால் அளவு கேளுங்கள். கயிறு எத்தனை முழம்? காலையில் வேப்பமர நிழலில் நின்ற மாடு மதியம் ஒரு மணிக்கு எங்கே நிற்கிறது? தண்ணீர் எத்தனை குடம்? கோடையில் கறவை மாட்டுக்கு நாளைக்கு 60 லிட்டரும் போதாமல் போகும். 15 லிட்டர் குடத்தில் அது நான்கு குடம். ஒரு வாளி வைத்துவிட்டுப் போகிறவர் கொடுமைக்காரர் இல்லை, கணக்குப் போடாதவர். பிள்ளைகள் போய்க் குற்றம் சாட்டக் கூடாது. “மாமா, மத்தியானம் வெயில் விழுது, அந்தப் பக்கம் மாத்திக் கட்டட்டுமா?” என்று கேட்கப் பழக்குங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள்.

தெருநாய் விஷயத்தில் பரிவையும் பாதுகாப்பையும் ஒரே பாடமாகவே சொல்லுங்கள். தின்னும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடக் கூடாது. நாய் வந்தால் ஓடாமல், கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். பள்ளி வாசலில் சோறு வைக்கவே கூடாது, சோற்றைக் காவல் காக்கிற நாய்தான் பிள்ளையைக் கடிக்கும். கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனை. வீட்டில் அடிப்பார்கள் என்று மறைக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. இதை மாதம் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள்.

இனி கஷ்டமான கேள்வி. “சார், கோயில் கொடைக்கு எங்க வீட்டுக் கிடாயை வெட்டுறாங்களே, அது தப்பா?” இது வராத வகுப்பு நம் ஊரில் இருக்காது. மழுப்பாதீர்கள், வீட்டாரைக் குற்றவாளியும் ஆக்காதீர்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமே சமயமுறைப்படி வெட்டுவதற்கு விலக்கு அளிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அது சரியா என்று பெரியவர்களே இன்னும் வாதாடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். அதன்பின் இரு தரப்பும் மறுக்க முடியாத இடத்துக்கு வாருங்கள்: வெட்டும் நாள்வரை அது எப்படி இருந்தது? சைக்கிள் ஹேண்டில்பாரில் கோழியைத் தலைகீழாகத் தொங்கவிடுவதைத் தினமும் பார்க்கிறோம். பறவைகளுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. தலைகீழானால் குடலும் ஈரலும் சரிந்து மூச்சை அழுத்தும். கூடையில் உட்காரவைத்துக் கொண்டுபோனால் செலவு ஒன்றும் கூடிவிடாது. கறி தின்கிற வீட்டுப் பிள்ளையும் இதை வீட்டில் போய்ச் சொல்ல முடியும்.

சட்டத்துக்கு ஒரு வகுப்பு போதும். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று 1976இல் அரசியலமைப்பில் சேர்த்தார்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம். மிருகவதைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். கேட்டதும் வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். “நீங்க எம்.எல்.ஏ. ஆனா எவ்வளவு போடுவீங்க?” என்று கேளுங்கள்.

ரத்தம் காட்டும் வீடியோ வேண்டவே வேண்டாம். சிலருக்குத் தூக்கம் போகும், சிலருக்கு மரத்துப்போகும். பதிலாக ஜனவரிக்குப் பிறகு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே பறவைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒரு நேரத்துக்கு 15 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். சத்தத்தில் தாய் எழும்பிப் பறந்தால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கையும் காத்திருக்கும்.

கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி. எல்லாப் பள்ளியும் ஆசையாக ஆரம்பித்து, முக்கால்வாசி கைவிடுவது இதைத்தான். பறவைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண்சட்டி, நடுவில் கால் ஊன்ற ஒரு கல். அலுமினியம் சுட்டுவிடும். பூனை பதுங்க முடியாதபடி சுற்றி ஆறடி வெறுந்தரை இருக்கட்டும். மாட்டுக்குப் புது சிமென்ட் தொட்டி கட்டினால் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகே குடிக்க விட வேண்டும், முதலில் நிரப்பும் தண்ணீரில் சிமென்டின் காரம் இறங்கியிருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் கொசுப்புழு வரும், சுகாதாரத் துறைக்காரர் வந்து கவிழ்த்துவிட்டுப் போவார், அவர் செய்வதும் சரிதான். இதைவிடப் பெரிய சிக்கல் மே மாதம். தண்ணீர் மிகவும் தேவைப்படும்போது பள்ளி பூட்டியிருக்கும், பழகின ஆடுமாடுகள் காலித் தொட்டியை நக்கிவிட்டுப் போகும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே தொட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரைத் தேர்ந்து, ஆளுக்கு ஒரு கிழமை, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பம்ப் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.