பிள்ளைகளோடு காட்டில் குரங்கு பார்க்கப் போகலாமா?

ஹட்டனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். சித்திரை விடுமுறைக்கு வேன் பிடித்து நுவரெலியாப் பக்கம் போகிறார்கள். பதினொரு வயதில் மகன், ஏழு வயதில் மகள், கூடவே மாமியார். மகனுக்குக் காட்டுக்குள் இருக்கிற குரங்கைப் பார்த்தே ஆக வேண்டுமாம். மகளுக்கோ குரங்கென்றாலே நடுக்கம். போன வருடம் கோயில் வாசலில் ஒன்று பாய்ந்து வந்து கையிலிருந்த பிஸ்கட் பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. "எந்த இடத்துக்குப் போவது? வாழைப்பழம் கொண்டுபோய்ப் போடலாமா? கடித்துவிட்டால் என்ன செய்வது?" இவைதான் அவருடைய கேள்விகள்.

தாராளமாகப் போகலாம். மகளின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது, ஆனால் அந்தப் பயம் காட்டைப் பற்றியதாக இருக்கத் தேவையில்லை. ஆளைக் கண்டால் நெருங்கி வருகிற குரங்கு, ஆட்கள் தீனி போட்டுப் பழக்கிய குரங்கு. கோயில் வாசல், தேநீர்க் கடை, பஸ் நிறுத்தம், குப்பைமேடு ஆகிய இடங்களில்தான் அது இருக்கும். காட்டுக்குள் இருப்பது உங்களைக் கண்டதும் மேல் கிளைக்குப் போய்விடும். அங்கே உங்களுக்கு வரும் சிரமம் எப்படித் தப்புவது என்பதில்லை, எப்படிக் கண்ணில் படவைப்பது என்பதுதான்.

மலையகத்தில் நாம் அன்றாடம் காண்பது செங்குரங்கு, ரிலவா என்போமே, அது. உச்சியிலிருந்து சுற்றிலும் மயிர் விரிந்து, சின்னத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். லயத்துத் தகரத்தில் குதிப்பது, பீன்ஸ் பாத்தியில் இறங்குவது, ஜன்னல் வழியாகக் கை விட்டுப் பாணைத் தூக்குவது எல்லாம் இவர்தான். இன்னொன்று மந்தி. கரிய உடம்பு, வெளுத்த தாடி, நேராகத் தொங்கும் நீண்ட வால். நுவரெலியாவைச் சுற்றியுள்ள உயர்ந்த காடுகளில் இருக்கும் மந்திக்குக் குளிருக்கு ஏற்ற மாதிரி அடர்ந்து நீண்ட மயிர் இருக்கும். தூரத்தில் மரக்கவையில் உட்கார்ந்திருந்தால் கரடிக்குட்டியோ என்று தோன்றும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சாம்பல் நிற மந்தி வேறு. அது உலர் வலயத்துக்காரர், இந்த உயரத்துக்கு வருவதில்லை.

செங்குரங்கும் இந்தக் கரிய மந்தியும் இலங்கையைத் தவிர வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இல்லை. இரண்டுமே உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், முறைப்பார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவதாகப் பேச்சு எழுந்தது. எதிர்ப்பு கிளம்பி, விஷயம் நீதிமன்றம் வரை போய், அப்படி அனுப்பப் போவதில்லை என்று அரச தரப்பு சொன்னதோடு முடிந்தது. பயிர் நாசம் தாங்க முடியாமல் 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் எல்லாரையும் வளவுக்குள் நிற்கிற குரங்கை எண்ணச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் குரங்கை எண்ணிவிடலாம் என்று நம்பியவர்கள் குரங்கோடு குடியிருந்தவர்களாக இருக்க முடியாது. அது கிடக்கட்டும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்லும் இடம் ஹக்கலை தாவரவியல் பூங்கா. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வீதியில் சுமார் பத்துக் கிலோமீற்றர். 1861இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் பயிரிட ஆரம்பித்த இடம். பூங்காவை ஒட்டி மேலே ஹக்கலை மலையும் அதன் காடும் இருக்கின்றன. அந்தக் காடு கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட பகுதி, நாம் உள்ளே போக முடியாது. போகவும் தேவையில்லை, மந்திகள் தாமாகவே காட்டோரத்துப் பெரிய மரங்களுக்கு வரும். மாமியார் நடக்க முடிந்த அளவு நடந்து வாங்கில் உட்கார்ந்துகொள்ளலாம், கழிவறை இருக்கிறது, மழை வந்தால் வேனுக்கு ஓடிவிடலாம். காட்டை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை.

வாசல் திறக்கிற நேரத்துக்கே அங்கே நில்லுங்கள். பூச்செடிப் பக்கம் கூட்டம் போகும். நீங்கள் மலையோரத்துப் பழைய மரங்கள் பக்கம் போங்கள். அங்கே நின்று முதலில் காதைக் கொடுங்கள். மந்தி குழுவின் ஆண், காலையில் நாய் குரைப்பது போன்ற கரகரத்த குரலில் விட்டு விட்டுக் கத்தும். இது எங்கள் இடம், தள்ளி இரு என்று பக்கத்துக் குழுவுக்குச் சொல்வது. அந்தச் சத்தம் வந்த திசையில் மரத்தின் மேல் பாதியைப் பார்க்கச் சொல்லுங்கள். குரங்கைத் தேடினால் தெரியாது, வாலைத் தேடினால் தெரியும். இலைக்கு நடுவே அசையாமல் நேராகத் தொங்குகிற ஒரு கரிய கோடு, அதற்கு மேலே ஆள் உட்கார்ந்திருப்பார்.

கண்டுபிடித்த பிறகு பிள்ளைகள் "என்ன, சும்மா உட்கார்ந்தே இருக்கிறதே" என்று சலிக்கக்கூடும். அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்கட்டும். மந்தி பெரும்பாலும் இலைதான் தின்னும். அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்க வைத்த பிறகுதான் சத்துக் கிடைக்கும். அதற்கு நேரம் வேண்டும், ஆகவே தின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த வயிற்றுக்குள் பாணும் பிஸ்கட்டும் போனால் புளிப்பு ஏறி வயிறு கெட்டுப்போகும். செங்குரங்கு வேறு மாதிரி. அதற்குக் கன்னத்துக்குள் பை உண்டு. கிடைத்ததை மெல்லாமல் அதற்குள் திணித்துக்கொண்டு பாதுகாப்பான கிளைக்கு ஓடும். அங்கே போய்ப் புறங்கையால் கன்னத்தை அமுக்கி அமுக்கி ஒவ்வொன்றாக வாய்க்குத் தள்ளி மெல்லும். இதைத் தள்ளி நின்று பைனாகுலரில் ஒரு முறை பார்த்துவிட்டால் உங்கள் மகளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

வாழைப்பழக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். ஹக்கலைக்குப் போகிற வழியில்தான் சீதா எலிய சீதை அம்மன் கோயில் இருக்கிறது. நீங்களும் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவீர்கள். அனுமாரை நினைத்து நாலு பழம் போட்டால் புண்ணியம் என்று மாமியார் சொல்வார். பெரியவரை எதிர்த்துப் பேசாமல் பழத்தை அர்ச்சனைத் தட்டில் வைக்கச் சொல்லிவிடுங்கள், அதுவும் புண்ணியம்தான். கையால் தீனி வாங்கிப் பழகிய குரங்குக்கு, அடுத்து வருகிற பிள்ளையின் கையில் பழம் இல்லை என்பது புரியாது. உங்கள் மகளிடம் பிஸ்கட்டைப் பறித்ததற்கு அதற்கு முன்னால் யாரோ ஆசையோடு கொடுத்துப் பழக்கியிருப்பார்கள். தீனி விழுகிற இடத்தில் குரங்குகளுக்குள்ளேயும் அடிபிடி நடக்கும். குழுவில் பெரிய இடத்துக் குடும்பம் தின்னும், எளியது கடிபடும். வீதியோரம் காத்திருந்து வாகனத்தில் அடிபட்டுச் சாவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

சாப்பாட்டை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். சோற்றுப் பார்சல், பழம், பிஸ்கட் எல்லாம் வேனுக்குள், ஜன்னல் முழுக்க மூடி. சாரதியும் நடக்க வருகிறார் என்றால் ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவுகூடத் திறந்து வைக்க வேண்டாம். செங்குரங்குக்குப் பொலித்தீன் சரசரப்பு போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதே இல்லை. ஆகவே போத்தல் தண்ணீரைக் கூட சொப்பிங் பையில் தூக்காமல் துணிப்பையில், தோளின் முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். மகள் கையில் ஒன்றுமே இருக்கக் கூடாது, பொம்மைகூட. மூக்குக் கண்ணாடி போடுபவராக இருந்தால் கோயில் வாசலில் ஒரு கை அதிலேயே இருக்கட்டும்.

அப்படியும் ஒன்று கிட்டே வந்துவிட்டால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்ப்பது அதன் பாஷையில் சண்டைக்கு அழைப்பது. பார்வையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் மெதுவாக விலகுங்கள். புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து உங்களையே பார்த்தால் அது எச்சரிக்கை. பெரிய ஆண் குரங்கு கொட்டாவி விடுகிறது என்று போனை நீட்டாதீர்கள், அந்தக் கொட்டாவி பெரும்பாலும் தூக்கத்தால் வருவதில்லை, கோரைப் பல்லைக் காட்டுவது. வெறும் கையை விரித்துக் காட்டுங்கள். பையைப் பிடித்துவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். குட்டியோடு தாய் இருக்கும்போது அவற்றுக்கு நடுவே போய் நிற்காதீர்கள். இதையெல்லாம் முதல் நாள் வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டாக நடித்துக் காட்டிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் காதில் ஏறாது.

இப்போது கடி. இதில் மட்டும் அலட்சியம் கூடாது. கடித்தாலும் சரி, நகத்தால் கீறினாலும் சரி, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பயத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தெரியும். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அப்புறம் நேரே அரசாங்க ஆஸ்பத்திரி. நுவரெலியாவிலேயே மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. காட்டுக் குரங்கு கடித்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டு நாய் என்றால் அதைக் கட்டிவைத்துச் சில நாள் கவனிக்கலாம். குரங்கு எந்த மரத்தில் இருக்கிறது என்று யார் தேடுவது? அதனால்தான் விசர்நோய்த் தடுப்பூசி பற்றி வைத்தியர் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். நோய் தலைகாட்டிய பிறகு காப்பாற்ற வழியில்லை. அரச வைத்தியசாலையில் ஊசிக்குக் காசில்லை. ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) விவரமும் கேட்பார்கள், பிள்ளைகளின் கிளினிக் புத்தகத்தை ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்வது நல்லது. காயம் பெரிதென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

மகன் ஹோட்டன் சமவெளி என்று அடம்பிடிப்பான். அழகான இடம்தான், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் குரங்கு பார்ப்பதற்கென்றே அங்கே போகச் சொல்ல மாட்டேன். சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர், பெரும்பகுதி திறந்த புல்வெளி, உயரம் 2,100 மீற்றருக்கு மேல். மாமியாருக்கு அது சரிப்படாது. மந்தியைப் பார்க்க வாய்ப்புள்ள இடம், பட்டிப்பொலவிலிருந்து மேலே ஏறும் வீதியின் இருபக்கக் காடு. அதையும் விடியற்காலையில், வேனை மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே போவதென்றால் அப்பாவும் மகனும் மட்டும் போகட்டும், உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தை ஒன்பது மணிக்கு முன்பே பார்த்துவிடட்டும். பிறகு மூட்டம் ஏறிவிடும். பள்ளத்தின் விளிம்பில் பிள்ளையின் கையை விடக் கூடாது. வாசலில் பொலித்தீனைச் சோதித்து வாங்கிக்கொள்வார்கள், சண்டை பிடிக்காமல் கொடுத்துவிடுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரை வந்து மூக்கை நீட்டும், அதற்கும் தீனி கிடையாது.

திரும்பும்போது கண்டிக்குப் போகிற எண்ணமிருந்தால் தலதா மாளிகைக்குப் பின்னாலேயே உடவத்தகெலே காடு இருக்கிறது. செங்குரங்கை மர நிழலில் பார்க்கலாம். ஆனால் வாசலுக்குக் கிட்டே இருப்பவை ஆளுக்குப் பழகியவை, மேலே சொன்ன பை விஷயம் அங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் நுவரெலியா நகரம் சீசன் நெரிசலில் அடைபட்டுக் கிடக்கும். முடிந்தால் அந்த நாட்களைத் தவிர்த்து, விடுமுறையின் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். ஏப்ரலில் காலை வெளிச்சமாக இருந்தாலும் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை கொட்டுவது வழக்கம். காட்டோர வேலையைப் பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ஜெர்சி, ஒரு மழைக்கோட்டு, நீளக் காற்சட்டை, அதற்கு மேலே ஏற்றி இழுத்துவிட்ட காலுறை.

காலுறை அட்டைக்காக. மழை பெய்த மறுநாள் ஈர இலை கிடக்கிற நிழற்பாதையில் அட்டை இருக்கும். கொழுந்து மலையில் நின்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காலுறையில் உலர்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல் நகத்தை அதன் வாய்ப் பக்கம் சரித்து நெம்புங்கள். இரத்தம் உறையவிடாத ஒன்று அதன் உமிழ்நீரில் இருப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகும், துணியை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.