பழைய நெட் பெட்டிகோட்: கஞ்சி போடுவதற்கு முன் இடுப்பைக் கவனியுங்கள்

கேள்வி: 1950களில் தைத்த நைலான் நெட் பெட்டிகோட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வட்டப் பாவாடை வைத்த ஃபிராக்குக்கு உள்ளே, வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்கு அணிய ஆசை. ஆனால் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது, தொடை அரிக்கிறது, உப்பலும் போதவில்லை. கஞ்சி போடலாமா?

பதில்: வேண்டாம். நைலான் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. கஞ்சி இழைக்குள் இறங்காமல் மேலே படலமாக நின்று, மடங்கும் இடங்களில் வெள்ளைத் தூளாக உதிரும். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் சர்க்கரைத் தண்ணீரில் முக்கி விறைப்பாக்கியதும் உண்டு. நம் வீட்டு அலமாரியில் அது எறும்புக்கு விருந்து.

உப்பலைத் தருவது விறைப்பை விடச் சுருக்கம்தான். இடுப்பை ஒட்டித் தட்டையான ஒரு துணிப்பட்டை, அதன் கீழே அடுக்கடுக்காக நெட். ஒவ்வொரு அடுக்கும் மேலடுக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீளமாக வெட்டிச் சுருக்கியது. இடுப்பு நழுவி இறங்கினால் புடைக்க வேண்டிய இடமும் இறங்கி, ஃபிராக்கின் கீழே நெட் எட்டிப்பார்க்கும். அது ஃபிராக்கைவிட 3 முதல் 5 செ.மீ. குட்டையாக இருக்க வேண்டும். ஆகவே முதலில் எலாஸ்டிக்.

இழுத்துப் பாருங்கள். நொறநொறவென்று சத்தம் கேட்டு, விட்டதும் சுருங்காவிட்டால் உள்ளே ரப்பர் செத்துவிட்டது. வெறும் எலாஸ்டிக்கை மாற்றினாலும் அத்தனை அடுக்கின் கனத்துக்கு அது நாளடைவில் தளரும். புடவைப் பாவாடை முறையைக் கலந்து செய்வது நல்லது. இடுப்புச் சுற்றளவில் பாதி நீளத்துக்கு 2 செ.மீ. அகல எலாஸ்டிக் எடுத்து, இரு முனையிலும் முடிச்சுப் போடப் போதுமான நீளத்துக்குப் பருத்தி நாடா தையுங்கள். பட்டையின் மடிப்பில் வலப்பக்கம் சிறிதாகத் தையலைப் பிரித்து, ஊக்கில் கோத்து உள்ளே விட்டு, நாடாவின் இரு முனையையும் அதே வழியில் வெளியே எடுங்கள். எலாஸ்டிக் முதுகுப் பக்கம் நிற்கட்டும். முடிச்சு ஏன் வலப்பக்கம் என்றால், அந்தக் கால ஃபிராக்குகளில் பெரும்பாலும் ஜிப் இடப்பக்கம் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் இடுப்பு புடைக்கும். எலாஸ்டிக்கை மடிப்புக்குள் விடாமல் துணியோடு சேர்த்தே தைத்திருந்தால், பிரிக்க முயன்று துணியைக் கிழிக்காதீர்கள். அந்தப் பட்டையை வெட்டிவிட்டுப் புதிது வையுங்கள்.

அரிப்புக்குக் காரணம் அடுக்குகள் சேரும் தையல்தான். உள்பக்கம் திருப்பி விரலால் தடவினால், வெட்டிய நெட்டின் முனைகள் முள் முள்ளாகக் குத்தும். அதன் மேல் 2 சென்டிமீட்டர் பருத்திக் குறுக்குப்பட்டை (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை) வைத்து மூடித் தைத்துவிடுங்கள். அவசரமென்றால் உள்வெளி மாற்றி அணியலாம். ஃபிராக்குக்குள் யாருக்குத் தெரியப்போகிறது? கீழே முட்டி வரை பருத்தி ஷார்ட்ஸ் போட்டால் வியர்வையும் தாங்கும், ஸ்டாக்கிங்கும் கிழியாது.

அலுவலகத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி எதிரி. பக்கவாட்டு அடுக்குகளை மடிக்கு மேலே தள்ளிவிடும். உட்காரும் முன் பின்பக்க நெட்டைத் தூக்கி இருபுறமும் விரித்துவிட்டு, உள் லைனிங் மீது உட்காருங்கள். எட்டு மணி நேரம் நெட் மீதே அமர்ந்தால் பின்பக்கம் அப்பளம்தான். இந்திய பாணிக் கழிப்பறையில் கழற்றி மாட்டிவிடுவதே உத்தமம். நாடா முடிச்சு அதற்கும் உதவும். இரு சக்கர வாகனமும் கேஸ் அடுப்பும் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

துவைப்பது கையால்தான். வெதுவெதுப்பான நீர், மென்மையான திரவ சோப்பு, பத்து நிமிடம் ஊறினால் போதும். பிழியாதீர்கள். குளோரின் பிளீச் பட்டால் மஞ்சளாகும், இழையும் நைந்துபோகும். காயப்போடும்போது தலைகீழாக, கீழ் ஓரத்தில் நாலைந்து கிளிப் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். கனத்தில் அடுக்குகள் விரிந்து காயும். நசுங்கிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று ஆவி காட்டினால் போதும். இஸ்திரிப்பெட்டி நேரடியாகப் படக்கூடாது.

இவ்வளவு செய்தும் உப்பல் போதவில்லையென்றால், இதன் கீழே மெல்லிய ஆர்கன்சா பெட்டிகோட் ஒன்றைச் சேர்த்து அணியுங்கள். வாரம் இரண்டு நாள் என்பது எழுபது வயது நெட்டுக்கு அதிகம். வேலை நாளுக்குப் புதிதாக ஒன்று தைத்துக்கொண்டு, பழையதை விசேஷத்துக்கு எடுங்கள்.