வீட்டுத் தச்சுப் பட்டறைக்குக் காற்று வடிகட்டி: எதை, எந்த வரிசையில் வாங்குவது?

கேள்வி: மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்புறம் 12 அடி அகலமும் 16 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள அறையில் ஓய்வு நேரங்களில் தச்சு வேலை செய்கிறேன். டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பும் குடையும் கருவி), கையில் பிடிக்கும் சாண்டர் (உப்புத்தாளால் தேய்க்கும் கருவி) ஆகியவை இருக்கின்றன. பழைய தேக்கு, வாகை, சில சமயம் எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) ஆகியவற்றை அறுக்கிறேன். வேலை முடிந்து வெகுநேரம் ஆன பிறகும் காற்றில் தூள் மிதக்கிறது. அடுத்த அறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கு இருமல் வந்துவிடுகிறது. கூரையில் தொங்கவிடும் காற்று வடிகட்டியை வாங்குவதா, படுக்கையறைக்கென்று விற்கும் ஏர் பியூரிஃபையர் போதுமா?

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பட்டறைக்கென்றே செய்யப்பட்ட கூரை வடிகட்டியைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுவன்று. தூள் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பது முதல் வேலை, மிஞ்சியதை வெளியே தள்ளுவது இரண்டாவது வேலை, அதற்கும் தப்பியதை வடிகட்டுவது மூன்றாவது வேலை. இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு விலையுள்ள கருவியும் பாதிப் பயனைத்தான் தரும்.

காரணம் எளியது. சாண்டர் கிளப்பும் தூள், கூரையில் இருக்கும் வடிகட்டியை அடைவதற்கு முன்பே, ஓர் அடி தொலைவில் குனிந்திருக்கும் உங்கள் மூக்கை அடைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் சீவலும் கரடுமுரடான தூளும் தரையில் விழுந்துவிடும். அவற்றைப் பெருக்கினால் போதும். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள் தலைக்கு மேலிருந்து தரையை அடையப் பத்து நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. 1 மைக்ரான் அளவுள்ள துகளோ காற்று அசையாத அறையில்கூடப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மிதந்துகொண்டே இருக்கும். நுரையீரலின் ஆழம் வரை செல்வதும், கதவிடுக்கின் வழியே அம்மாவின் அறைக்குள் போவதும் இந்த நுண்தூள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அதற்கான சான்று பெரும்பாலும் பல்லாண்டுகள் தொழிற்சாலையில் உழைத்தவர்களிடமிருந்து கிடைத்தது என்பதால் ஓய்வு நேரத்தில் வேலை செய்பவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் அலட்சியமாக இருக்கக் கூடாது. அதிலும் நீங்கள் குறிப்பிட்ட மரங்களில் வாகைத் தூள் தும்மலைக் கிளப்புவதில் பெயர் பெற்றது, தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், எம்.டி.எஃப். பலகையோ ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினால் ஒட்டப்பட்டு, அறுக்கும்போது மிக நுண்ணிய தூளாகவே உதிர்வது.

ஆகவே சாண்டரிலிருந்து தொடங்குங்கள். அதன் தூள் வாயில் ஒரு நல்ல வேக்குவம் கிளீனரின் குழாயைப் பொருத்துவதுதான், செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால், நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம். சாண்டரின் வாய் சிறியது என்பதால் நிமிடத்திற்கு 100 கன அடி அளவில் இழுத்தாலே போதும். ஆனால் உள்ளே நுண்தூளுக்கான பையும், மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டியும் இருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் அது கரடுமுரடான தூளை வைத்துக்கொண்டு நுண்தூளை மறுபடியும் அறைக்குள்ளேயே ஊதும். டேபிள் சாவுக்கு இது போதாது. அதன் 4 அங்குலக் குழாயில் தூள் தேங்காமல் ஓட நிமிடத்திற்கு ஏறக்குறைய 350 கன அடிக் காற்று வேண்டும். அதற்கு, தூளை இழுத்துப் பையில் சேர்க்கும் பெரிய இயந்திரமான டஸ்ட் கலெக்டர்தான் சரி. அதில் வரும் சாதாரணத் துணிப்பை பல நேரம் 30 மைக்ரான் தரத்தில் இருப்பதால் நுண்தூளைப் பொடி மழையாகத் தூவும். 1 மைக்ரான் வரை பிடிக்கும் மடிப்பு வடிகட்டி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இரும்பைச் சாணை பிடிக்கும் வேலைக்கு மட்டும் இதே குழாயை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஒரே ஒரு தீப்பொறி பைக்குள் போனால் மரத்தூள் மெல்லக் கனன்று, நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சென்ற பிறகு தீப்பிடிக்கக்கூடும்.

அடுத்தது வெளியேற்றம். கூரை வடிகட்டிகள் குளிர்நாடுகளில் பரவியதற்கு முக்கியக் காரணம், அங்கே செலவழித்துச் சூடேற்றிய காற்றை வெளியே விட மனம் வராது என்பதே. மதுரையில் அந்தக் கவலை நமக்கில்லை. ஆண்டின் பெரும்பகுதி சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்கிறோம். அதனால் ஒரு வலுவான எக்ஸாஸ்ட் ஃபேன் வடிகட்டியின் வேலையில் பெரும்பங்கை மிகக் குறைந்த செலவில் செய்துவிடும். அதற்கு எதிர்ச்சுவரில், வெளியிலிருந்து காற்று நுழைய, ஃபேனின் வாயைவிடப் பெரிய திறப்பு இருக்க வேண்டும். வீட்டுக்குள் செல்லும் கதவை அடைத்து, கீழிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டிவிட்டால், பட்டறைக்குள் காற்றழுத்தம் சற்றே குறைந்திருக்கும். அப்போது வீட்டுக் காற்று பட்டறைக்குள் கசியுமே தவிர, பட்டறைத் தூள் வீட்டுக்குள் போகாது. அம்மாவின் அறையைப் பொறுத்தவரை எந்த வடிகட்டியையும்விட இந்த ஏற்பாட்டையே நான் நம்புவேன். (இருமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.) ஃபேனை மேற்குச் சுவரில் வைத்தால் ஆடிக் காற்று எதிர்த்துத் தள்ளும் என்பதால் கிழக்கோ வடக்கோ நல்லது. அண்டை வீட்டார் மாடியில் துணியோ வடகமோ காயப்போடும் பக்கமாகவும் அது திரும்பியிருக்கக் கூடாது. வேலை செய்யும்போது காற்று உங்கள் முதுகிலிருந்து வராமல் பக்கவாட்டில் கடந்து செல்லும்படி நில்லுங்கள். முதுகுப்பக்கக் காற்று நெஞ்சுக்கு முன்னால் சுழன்று தூளை முகத்துக்கே கொண்டுவரும்.

இதற்குப் பிறகும் வடிகட்டி தேவைப்படுமா? தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சன்னலைச் சாத்தி வைக்கும் நாட்களிலும், ஓசை வெளியே போகாமலிருக்க இரவில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வேலை செய்யும் நேரங்களிலும் அது உதவும். அளவைக் கணக்கிடுவது எளிது. உங்கள் அறையின் கொள்ளளவு 1,920 கன அடி. மணிக்கு எட்டு முறை அந்தக் காற்று முழுதும் வடிகட்டியைக் கடக்க வேண்டுமென்றால் 1,920-ஐ எட்டால் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்திற்கு 256 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 435 கன மீட்டர் கிடைக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பல நேரம் வடிகட்டி இல்லாமல் அளந்ததாக இருக்கும். தூள் படியப் படியக் காற்றோட்டமும் குறையும். எனவே நிமிடத்திற்கு 350 முதல் 400 கன அடி வரை குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். இந்த வேகத்தில் மிதக்கும் தூள் ஏறக்குறைய முழுதும் அகல அரை மணி நேரம் ஆகும். ஆகவே வேலை முடிந்த பின் தானே நிற்கும் டைமர் உள்ள கருவி நல்லது.

படுக்கையறை ஏர் பியூரிஃபையரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது வேறு வேலைக்கானது. 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெபா தாள், மரத்தூள் நிறைந்த பட்டறையில் விரைவில் அடைத்துக்கொள்ளும், அதை மாற்றும் செலவும் பெரிது. அதை வாங்கினால் அம்மாவின் அறையில் வையுங்கள். பட்டறைக்கு, வெளியே தடித்த முன்வடிகட்டியும் உள்ளே 1 மைக்ரான் பைவடிகட்டியும் கொண்ட இரண்டடுக்குக் கருவியே பொருந்தும். இணையத்தில் விற்கும் சில அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட்டுக்கு ஆனவை. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும்.

கருவியைத் தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில், நீளச் சுவரை ஒட்டி, காற்று அறையைச் சுற்றி வரும்படி மாட்டுங்கள். சாண்டர் மேசைக்கு நேர் மேலே மாட்டினால் தூள் உங்கள் முகத்தைக் கடந்துதான் மேலே போகும். இவ்வளவு செய்தாலும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் எம்.டி.எஃப். அறுக்கும்போதும் என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 தர முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: மாற்று வடிகட்டி தனியாகக் கிடைக்குமா, அதன் நீள அகலம் என்ன? ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் குளிரூட்டும் பெரிய இயந்திரங்களுக்குப் போடும் 24 அங்குலச் சதுர வடிகட்டிகள் போன்ற பொது அளவு என்றால் ஏ.சி. உதிரிபாகம் விற்பவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம்; அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய அளவு என்றால், குறைந்தது இரண்டு மாற்று வடிகட்டிகளையும் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.